சூறை-ஒன்பது காத்திருப்போர் நற்பணி மன்றம்

சூறை-ஒன்பது ஏழாவது முறையாகத் தள்ளிப்போன செய்தி வந்தபோது, அதன் நாற்பதடி உயரக் கட்டவுட்டின் தலையில் ஜெபராஜ் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். காளவாசல் காட்சியரங்கின் கண்ணாடிச் சுவரில் எழுத்துகள் ஓடின: ‘சில்லுத் தட்டுப்பாடு காரணமாக வெளியீடு பொங்கலுக்கு மாற்றப்படுகிறது. ரசிகர்களின் பொறுமைக்குத் தலைவணங்குகிறோம்.’ ஏணியில் நின்றபடியே ஜெபராஜ் அதை இரண்டு முறை படித்தான். பிறகு குடத்தில் மிச்சமிருந்த பாலைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டான்.

“எறங்குடா மாப்ள, வழுக்கிரும்,” என்றான் கீழே மைக்கோடு நின்ற சோணைமுத்து.

“எறங்கி? எறங்கி என்னத்தடா கிழிக்கப்போறோம்? எந்தப் பொங்கலுன்னு கேளுடா அவிய்ங்கள!”

சூறை-ஒன்பது ஒரு விளையாட்டுப்பெட்டி. சுவருக்கு எதிரே வைத்தால் சுவர் காணாமல் போய் அந்த இடத்தில் கடலோ போர்க்களமோ விரியும் என்று விளம்பரம் சொன்னது. விளம்பரம் எடுத்தவர்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத அந்தப் பொருளுக்கு மதுரையில் ஒரு மன்றம் இருந்தது. ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்ததால் ஜெபராஜ் அதற்குத் தலைவர். குரல் நன்றாக இருந்ததால் சோணைமுத்து செயலாளர். கல்லூரியில் சேர்ந்த வருடம் காத்திருக்க ஆரம்பித்தவன், படிப்பு முடிந்தும் காத்திருந்தான். வேலைக்காகக்கூட அவன் இவ்வளவு ஒழுங்காகக் காத்திருந்ததில்லை.

கோபம் பற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. யாரோ டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். யாரோ நிறுவனத் தலைவரின் கொடும்பாவியைத் தூக்கி வந்தார்கள். தீப்பெட்டி மட்டும்தான் இல்லை. அதை நிறுவனத்தின் காட்சியரங்கு மேலாளரே கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு பானை மோரும் வந்தது.

“வெயில் ஜாஸ்தியா இருக்கு தம்பிகளா. குடிச்சிட்டுக் கத்துங்க.”

“மனசாட்சி உள்ள ஆளுடா,” என்றான் ஜெபராஜ், மீசையில் மோரோடு.

எல்லோருடைய மணிக்கட்டிலும் ஏக்கமானி சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

ஏக்கமானி வந்த கதை நீளமானது. சுருக்கமாகச் சொன்னால் அசிங்கமானது. கடல் தாண்டி இருந்த பெரிய மின்னணுச் சில்லு ஆலைகள் தண்ணீரில்லாமல் ஒவ்வொன்றாக மூடிய பிறகு, உலகத்தில் புதிதாகப் பிறக்கிற சில்லுகள் சொற்ப எண்ணிக்கைதான். ஒரே சில்லுதான் மிக்சிக்கும், ரயிலுக்கும், விளையாட்டுப்பெட்டிக்கும். எதில் பொருத்துகிறோமோ அதுவாக உருமாறிக்கொள்ளும். யாருக்குக் கொடுப்பது? முதலில் காசுள்ளவனுக்கு என்றார்கள், கலவரம் வந்தது. பிறகு தேவை உள்ளவனுக்கு என்றார்கள். தேவைச் சான்றிதழ் தேநீர்க் கடையில் கிடைத்தது. கடைசியில் ஒரு விஞ்ஞானி எழுந்து, தேவையைப் பொய்யாகச் சொல்லலாம், ஏக்கத்தைப் பொய்யாக ஏங்க முடியாது என்றார். நாடித்துடிப்பை வைத்து ஒருவர் எந்தப் பொருளுக்காக எவ்வளவு ஏங்குகிறார் என்று கணக்கிடும் பட்டை எல்லோர் கையிலும் ஏறியது. கணக்குகள் தலைநகரத்துப் பங்கீட்டுப்பொறிக்குப் போகும். எதற்கு மக்கள் அதிகம் ஏங்குகிறார்களோ அதற்கு அதிகச் சில்லு. இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா என்று பள்ளிக்கூடங்களில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். உண்டு என்று எழுதியவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை.

சோணைமுத்து புகைநாற்றத்தோடு வீட்டுக்குப் போனபோது, அவன் அக்கா அழகுமீனா விளையாட்டு உடையைக்கூட மாற்றாமல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பள்ளியில் கோகோ பயிற்சியாளர் அவள். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்ததால், இவனையும் பயிற்சி கொடுத்துத்தான் வளர்த்தாள்.

“எரிச்சிட்டு வந்தியா?”

“டயருதாங்க்கா.”

“டயரு என்ன பாவம் பண்ணுச்சு? அதாவது சொன்ன நேரத்துக்குக் கடைக்கு வந்திருக்கு.”

“நீ ஏன் இப்பவே வீட்ல இருக்க?”

“மைதானத்துல விழுந்துட்டேன். பிள்ளைக சிரிக்குதுக. நான் ஏதோ புது உத்தி சொல்லிக்குடுக்கேன்னு நெனச்சு எல்லாம் வரிசையா விழுதுக.”

அவன் சிரிக்கவில்லை. அழகுமீனாவின் இதயம் பிறந்ததிலிருந்தே தானாக ஒழுங்காகத் துடிக்கத் தெரியாத இதயம். தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கடியில் பதித்த துடிப்பி ஒன்று ஒவ்வொரு துடிப்பையும் கையைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பி கிழடாகிவிட்டது. மின்கலம் வற்றியதால் அது சேமிப்பு நிலைக்குப் போயிருந்தது: ஓடினாலும் உட்கார்ந்தாலும் ஒரே சீரான துடிப்பு. அதுவும் எப்போது நிற்கும் என்று சொல்வதற்கில்லை.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“புதுசு வைக்கணும். தீபாவளிய தாண்டாதுங்கறாரு.”

“வைக்க வேண்டியதுதான?”

“தாளம்-ரெண்டுன்னு ஓசூர்ல செய்றாகளாம். சில்லு ஒதுக்கல. கேட்டா, துடிப்பிக்கு நாட்டுல ஏக்கமே இல்லையாம்.”

“ஏக்கம் இல்லையா? நீ ஏங்கலையா?”

அழகுமீனா மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். ஏக்கமானியில் ஒரு பூஜ்யம் பச்சையாக, சாந்தமாக, கோயில் விளக்குபோல எரிந்தது.

“இது நாடியப் பாத்துத்தான கணக்குப் போடுது? என் நாடி ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது. நான் கத்துனாலும் அழுதாலும் இதுக்கு நான் ஞானி. துடிப்பி வேணுங்கற எல்லாருக்கும் இதே கததான்டா. எவனுக்கு அது வேணுமோ அவனால ஏங்க முடியாது. ஏங்க முடிஞ்சவனுக்கு அது வேணாம்.”

அவள் அதைச் சொன்ன அமைதியைக் கேட்டுத்தான் சோணைமுத்துவுக்குப் பயம் வந்தது.

மறுநாள் அவனும் ஜெபராஜும் மாவட்டப் பங்கீட்டு அலுவலகத்தில் போய் நின்றார்கள். அலுவலர் நளாயினி நடுவயதுக்காரர். காலைச் சிற்றுண்டியை மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஏக்கம் இல்லாத முகத்தோடு இவர்களைப் பார்த்தார்.

“மேடம், ஒரு ஆளு செத்துப்போயிரும்னா அதுக்கு முன்னுரிமை கிடையாதா?” என்றான் சோணைமுத்து.

“இருந்துச்சு தம்பி. அப்ப ஊர்ல எல்லாரும் சாகக் கெடந்தாங்க. சர்டிபிகேட்ல.”

“எங்கக்கா நெசமாவே சாகக் கெடக்கு.”

நளாயினி திரையைத் தட்டினார். “அழகுமீனாவா? பொறி அப்படிச் சொல்லலையே. மாவட்டத்துலயே ரொம்ப நிம்மதியான குடிமகள்னு போட்டிருக்கு. வர்ற சுதந்திர தினத்துக்குப் பாராட்டுப் பத்திரம் வேற பரிந்துரை ஆயிருக்கு. வந்து வாங்கிக்கச் சொல்லுங்க.”

ஜெபராஜ் சோணைமுத்துவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். மேசை தப்பித்தது.

“சரி மேடம்,” என்றான் ஜெபராஜ் பணிவாக. “துடிப்பிக்குத்தான் இல்ல. சூறைக்காச்சும் சில்லு குடுங்க. நாங்க இத்தன வருசமா உசுரக் குடுத்து ஏங்குறோம். அதுக்கும் ஒதுக்கலன்னா இந்தப் பொறி யாருக்குத்தான் ஒதுக்குது?”

நளாயினி இட்லியைப் பிட்ட கையோடு நிறுத்தினார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு உணர்ச்சி தெரிந்தது. இரக்கம்.

“சூறைக்கா? சூறைக்கு மூணு வருஷம் முன்னாடியே ஒதுக்கியாச்சே.”

“அப்பறம் ஏன் பெட்டி வரல?”

“ஏன் வரணும்?”

நளாயினி சட்னியைத் தொட்டுக்கொண்டே விளக்கினார். வெளியீடு ஆகும்வரை ஒதுக்கிய சில்லு நிறுவனத்தின் கையிருப்பில் இருக்கும். இருக்கிற சில்லைக் குளிர்பெட்டி செய்கிறவர்களுக்கும் கார் செய்கிறவர்களுக்கும் வாடகைக்கு விடலாம். சட்டத்தில் தடை இல்லை. பெட்டியை விற்றால் லாபம் ஒருமுறை. வாடகை மாதாமாதம். அதோடு, பெட்டி கைக்கு வந்தவனுக்கு ஏக்கம் அன்றோடு தீர்ந்துவிடும். அடுத்த ஒதுக்கீடு கிடையாது. தள்ளிப்போட்டால் ஏக்கம் ஏறும். ஏக்கம் ஏறினால் இன்னும் சில்லு.

“அப்ப நாங்க பட்ட கோபம்?” என்றான் சோணைமுத்து.

“பொறிக்குக் கோபம் ஏக்கம்னு பிரிக்கத் தெரியாது தம்பி. ரெண்டுக்கும் நாடி ஒண்ணுதான். கோபத்துல கொஞ்சம் ஜாஸ்தியாவே ஏறும். நேத்து டயர் கொளுத்தினது நீங்கதானா? மதுரைலேர்ந்து மட்டும் சூறைக்கு நல்ல ஏத்தம். மோர் குடுத்தாங்களா?”

“குடுத்தாய்ங்க.”

“குடுப்பாங்க.”

“அப்ப அந்தப் பெட்டி எப்பத்தான் மேடம் வரும்?” என்றான் ஜெபராஜ்.

“உங்களுக்கு வேண்டாம்னு தோணும்போது. ஏக்கம் பாதிக்குக் கீழே விழுந்தா கையிருப்பு எல்லாத்தையும் பொறி பிடுங்கிக்கும். பிடுங்குறதுக்குள்ள வெளியிட்டுருவாங்க.”

வெளியே வந்து வெயிலில் நின்றதும் ஜெபராஜ் எதிரே இருந்த மின்கம்பத்தை உதைத்தான். வலித்தது. மறுபடியும் உதைத்தான்.

“நம்மளத்தான்டா மாப்ள வித்திருக்காய்ங்க. நான் சொந்தக் காசுல ஃபிளெக்ஸ் அடிச்சேன்டா. பால் பாக்கெட்டுக்குக் கை மோதிரத்த அடகு வச்சேன்டா!”

சோணைமுத்து உதைக்கவில்லை. அவனுடைய கோபம் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. தான் பால் ஊற்றிய ஒவ்வொரு முறையும், டயர் கொளுத்திய ஒவ்வொரு முறையும், அக்காவின் நெஞ்சிலிருந்து ஒரு சில்லைப் பிடுங்கிச் சூறையின் கிடங்கில் போட்டிருக்கிறான். அந்த நினைப்பைக் கொஞ்ச நேரம்கூட வைத்திருக்க முடியவில்லை. எங்காவது எறிந்தாக வேண்டும்.

“மாப்ள, நம்ம பயலுகள துடிப்பிக்கு ஏங்க வைக்கணும்.”

“எதுக்கு? துடிப்பிக்கா? அத வச்சு என்னடா வெளையாடுறது?”

“சூறைய மட்டும் பாத்தமா? தொட்டமா? ஃபிளெக்ஸ் வச்சோம், ஏங்குனோம். அவ்வளவுதான?”

ஜெபராஜ் உதைப்பதை நிறுத்தினான். அவன் கண்ணில் தொழில் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மதுரை கண்விழித்தபோது, கோரிப்பாளையத்திலிருந்து பழங்காநத்தம் வரை கறுப்பு ஃபிளெக்ஸ்கள் நின்றன. இருட்டு. இருட்டின் நடுவில் வெள்ளி நிறத்தில் ஏதோ ஒன்றின் விளிம்பு. கீழே ஒரே வரி: ‘விரைவில்... உன் நெஞ்சுக்குள்.’

என்ன இது என்று ஊர் கேட்க ஆரம்பித்தது. மன்றம் பதில் சொல்லவில்லை. சோணைமுத்து ஓசூருக்குப் பேசினான். தாளம் நிறுவனத்தின் உரிமையாளர் குலசேகரன் சின்னப் பட்டறை ஒன்றை வைத்துக்கொண்டு, சில்லு வராமல் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தவர்.

“எங்க பொருளுக்கா தம்பி? ஃபிளெக்ஸா?” என்று கேட்டார் அவர். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “டாக்டருங்களைத் தவிர அதை யாரும் கையில எடுத்துக்கூடப் பார்த்ததில்ல தம்பி.”

முதல் பார்வை வந்தது. முன்னோட்டம் வந்தது. தாளம்-இரண்டு உள்ளே இருந்தால் மாடிப்படி ஏறும்போது இதயம் தானாக வேகம் கூட்டும் என்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது. ‘வேகம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பையன்கள் மிச்சத்தைத் தாங்களே கற்பனை செய்துகொண்டார்கள். இதயத்துக்குள் ஒற்றைக் கம்பி இறக்கும் துடிப்பி சிறந்ததா, இரட்டைக் கம்பி இறக்குவது சிறந்ததா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். செல்லூரில் ஒற்றைக்கம்பிக்காரன் ஒருவனை இரட்டைக்கம்பிக்காரர்கள் ஓட ஓட விரட்டினார்கள். ஓடியவன் இதயம் நன்றாகத்தான் வேலை செய்தது. கட்டைபோல ஆரோக்கியமான இளைஞர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், ‘எனக்கும் ஒண்ணு வச்சு விடுங்க டாக்டர்’ என்று சட்டைப் பித்தானைக் கழற்றினார்கள்.

அழகுமீனாவின் படம் போட்ட ஃபிளெக்ஸ் அவள் பள்ளி வாசலிலேயே எழுந்தது. ‘அக்காவுக்கு முதல் துடிப்பி’ என்று ஜெபராஜ் அடித்திருந்தான்.

“என் நெஞ்ச ஊர் பூராம் ஒட்டி வச்சிருக்கீக. வெக்கமா இல்ல?” என்றாள் அவள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். இப்போதெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்தாலே அவளுக்குக் கண் இருட்டியது.

“இன்னுங் கொஞ்சந்தாங்க்கா. ஒனக்காகத்தான் எல்லாம்,” என்றான் ஜெபராஜ்.

“எனக்காகன்னு சொல்லாதடா. நாளைக்கு அந்தப் பயலுக என்னையப் பாத்து, நல்லா இருக்கீகளான்னு கேப்பாய்ங்களா, எத்தன கம்பின்னு கேப்பாய்ங்களா?”

அன்று காலையில்தான் ஒருவன் ஜெபராஜிடம் இரண்டாவதைக் கேட்டிருந்தான்.

மற்ற ஊர் மன்றங்களுக்கும் இது பரவி, நாடு முழுக்கத் துடிப்பிக்கான ஏக்கம் ஏறியது. அதே வேகத்தில் சூறைக்கான ஏக்கம் சரிந்தது. பாதிக்குக் கீழே விழுந்த மறுநாள், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், சூறை-ஒன்பது வெளியானது. காளவாசல் காட்சியரங்கின் வாசலில் பெட்டிகளை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்துக்கொண்டு அதே மேலாளர் கூவிக்கொண்டிருந்தார். யாரும் நிற்கவில்லை. ஜெபராஜ் மட்டும் ஒன்று வாங்கினான். தாளத்தின் ஃபிளெக்ஸ் கட்டும்போது ஏறி நிற்பதற்கு அது வாகாக இருந்தது.

“ஒரு தடவையாச்சும் போட்டுப் பாத்தியாடா?” என்று கேட்டான் சோணைமுத்து.

“பாத்தேன். செவரு போயிருச்சு, கடல் வந்துச்சு.” ஜெபராஜ் யோசித்தான். “கடலு மாதிரிதான்டா இருக்கு.”

துடிப்பிக்கு ஒதுக்கீடு வந்தது. சூறைக்குக் கிடைத்ததைவிட அதிகம். தமுக்கம் மைதானத்தில் வெளியீட்டு விழா. மேடையில் ஓசூர் குலசேகரன் புதுக் கோட்டில் இருந்தார். அழகுமீனாவைச் சக்கர நாற்காலியில் வைத்து முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான் சோணைமுத்து. மைதானம் நிரம்பி வழிந்தது. தவில் அடித்தார்கள். துடிப்பிக்குக் கட்டவுட் இருந்தது, அதற்குப் பால் இருந்தது.

குலசேகரன் மைக்கைப் பிடித்தார்.

“உங்க அன்பை நான் எதிர்பார்க்கல. எங்க சின்ன நிறுவனத்துக்கு இவ்வளவு பெரிய ஆதரவு... அந்த அன்புக்குத் தகுதியான பொருளா தாளம்-இரண்டு வரணும். அதனால, வெளியீட்டைப் பொங்கலுக்குத் தள்ளிவைக்கிறோம். உங்கள் பொறுமைக்குத் தலைவணங்குகிறோம்.”

ஒரு கணம் தவில்கூட நின்றது.

சோணைமுத்து மேடைக்குப் பின்னால் ஓடினான். குலசேகரன் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதைதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“சார், ஒண்ணே ஒண்ணு. எங்கக்காவுக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு குடுங்க.”

“ஒண்ணு வெளிய போனாலும் வெளியீடுன்னு கணக்கு தம்பி. அதோட ஒதுக்கீடு நின்னுரும். இன்னும் ஒரே ஒரு தடவை தள்ளிப்போட்டேன்னா, வர்ற வாடகையில ஓசூர்ல சொந்த ஆலையே கட்டிரலாம். அப்பறம் லட்சம் பேருக்குக் கொடுக்கலாம் தம்பி. லட்சம் பேருக்கு. நானும் யாரையும் சாகக் குடுக்கறதுக்காக இந்தத் தொழிலுக்கு வரல.”

“பொங்கலுக்கு எங்கக்கா இருக்காது சார்.”

குலசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். “உங்களாலதான் தம்பி இவ்வளவு தூரம் வந்தோம். மறக்க மாட்டேன்.” பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் திரும்பினார். “தம்பிக்கு மோர் குடுங்கப்பா.”

மைதானத்தில் நெருப்பு பற்றிவிட்டது. நாற்காலிகள் பறந்தன. குலசேகரனுக்கு உடனடியாக ஒரு கொடும்பாவி தயாராகியிருந்தது, பழக்கம். ‘அக்காவுக்குத் துடிப்பி கொடு!’ என்று ஆயிரம் தொண்டைகள் கத்தின. ஆயிரம் மணிக்கட்டுகளில் சிவப்பு. மேடைத் திரையில் தாளம்-இரண்டின் ஏக்க எண் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த எண் ஏற ஏறப் பொங்கல் இன்னும் அடுத்த பொங்கலுக்கு நகர்கிறது என்பது அங்கே சோணைமுத்துவைத் தவிர யாருக்கும் உறைக்கவில்லை.

“கோபப்படாதீங்கடா!” என்று அவன் ஒவ்வொருவன் சட்டையாகப் பிடித்து உலுக்கினான். “கோபப்பட்டா தள்ளிப்போயிரும்டா!”

“நம்ம அக்காடா!” என்று ஒருவன் அழுதுகொண்டே கத்தினான். “எப்படிடா கோபப்படாம இருக்கறது?”

உண்மையிலேயே அழுதான். அதுதான் சனியன். அவன் உண்மையிலேயே அழுதான், பொறி அதை உண்மையிலேயே எண்ணியது.

சோணைமுத்து கூட்டத்துக்கு மேலே அக்காவைத் தேடினான். சக்கர நாற்காலியில் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. யாரோ அவள் மடியில் மாலை ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அவன் மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கினான். என்ன சொல்லப்போகிறான் என்று வாய் திறக்கும்வரை அவனுக்கே தெரியாது.

“சூறை-பத்து வருது!”

சத்தம் கொஞ்சம் குறைந்தது.

“தீபாவளிக்கு வருது! நேத்து ராத்திரி எங்களுக்குப் படமே வந்திருச்சு. ஒம்பது கணக்கா இல்ல. செவரே வேணாம். கண்ண மூடுனா போதும், உள்ளயே ஓடும்!”

ஜெபராஜ் கட்டவுட்டின் ஏணியில் இருந்தான். சோணைமுத்துவை ஒரு நொடி பார்த்தான். அந்தப் பார்வையில் ‘வேண்டாம்டா’ என்பதும் இருந்தது. பிறகு அழகுமீனாவைப் பார்த்தான்.

“ஆமாடா!” என்று மேலே இருந்து கத்தினான். “பத்து பேரு சேந்து ஒரே கனவுக்குள்ள வெளையாடலாம்! நாளைக்கு ஃபிளெக்ஸ் வருது! முதல்ல வர்றவனுக்கு முதல் டோக்கன்!”

கொடும்பாவியைத் தூக்கியிருந்தவர்கள் அதைக் கீழே வைத்தார்கள். அழுதுகொண்டிருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கனவுக்குள்ளயா?” என்றான். திரையில் தாளத்தின் எண் நின்றது, தயங்கியது, பிறகு வழுக்கிக்கொண்டு இறங்கியது. மைதானம் முழுக்க மணிக்கட்டுகள் மறுபடியும் சிவந்தன. இந்தச் சிவப்பு வேறொன்றுக்கானது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் விதிமுறைப்படி நடந்தது. ஏக்கம் பாதிக்குக் கீழே விழுந்ததும், சில்லைப் பொறி பிடுங்குவதற்குள் குலசேகரன் அலறியடித்துக்கொண்டு தாளம்-இரண்டை வெளியிட்டார். அழகுமீனாவுக்கு அறுவை முடிந்தது. ஊரிலிருந்த மற்ற சில நெஞ்சுகளுக்கும் கிடைத்தது. சூறை நிறுவனம் தன் வாழ்நாளில் நினைத்துக்கூடப் பார்த்திராத சூறை-பத்துக்காக அந்த வாரமே ஒரு சின்னம் வரைந்து, வெளியீட்டுத் தேதியை அறிவித்து, அடுத்த வாரம் சில்லுத் தட்டுப்பாடு காரணமாக அதைத் தள்ளிவைத்தது. இல்லாத பெட்டிக்கு வந்து குவிந்த ஒதுக்கீட்டைப் பார்த்து அவர்கள் பொறியாளர்களே பயந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் அழகுமீனா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. சோணைமுத்து சாத்துக்குடி உரித்துக்கொண்டே, நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தான். அவள் பழத்தை வாங்கவில்லை.

“அப்படி ஒரு பெட்டியே கிடையாதா?”

“கிடையாது.”

“கிடையாத பெட்டிக்கு இப்ப நாட்டுச் சில்லெல்லாம் போகுது.”

“வேற வழி தெரியலக்கா.”

“எவன் வீட்டுச் சில்லுடா அதெல்லாம்?” அவள் குரல் உயர்ந்தது. “சூறைக்குப் போனது என் சில்லுன்னு தெரிஞ்சப்ப கம்பத்தப் போயி ஒதச்சீகளாமே. இப்ப எவனோட தம்பி எந்தக் கம்பத்த ஒதைக்கிறானோ?”

அவன் உரித்த சுளையைத் தட்டில் திரும்ப வைத்தான்.

பக்கத்துப் படுக்கைக்குக் குறுக்கே இருந்த திரை விலகியது. அங்கே லாரி ஓட்டுநர் ஒருவர் படுத்திருந்தார். அவருடைய மார்பு ஏறி இறங்குவதற்கு ஒரு கைப்பம்ப்பை அவர் மனைவி விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். இரண்டு கையும் அதிலேயே இருந்ததால் தலையால்தான் திரையை ஒதுக்கியிருந்தார். வேர்த்து ஊற்றியது.

“தம்பி, நீங்க அந்த மன்றத்து ஆளுதான? போஸ்டர்ல பாத்திருக்கேன்.”

“ஆமாக்கா.”

“சூறை-பத்து எப்ப வருது தம்பி?”

சோணைமுத்துவுக்கு முதலில் புரியவில்லை.

“இவுகளுக்கு மூச்சுப்பொறி வேணும். சில்லு இல்லைங்கறாக. கேட்டா, சூறை-பத்து வந்துட்டா எல்லாருக்கும் கெடச்சிரும், அது வர்றவரைக்கும் பொறுங்கன்னு ஆபீஸ்ல சொன்னாக. அந்தப் பொட்டி எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது தம்பி. ஆனா ராவும் பகலும் எனக்கு அதே நெனப்புத்தான். அது வந்துரணும், சீக்கிரம் வந்துரணும்னு வேண்டாத சாமி இல்ல. வந்துருமா?”

கைப்பம்ப்பை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்த அவர் மணிக்கட்டில் ஏக்கமானி எரிந்தது. தமுக்கம் மைதானத்தில், காளவாசலில், டயர் எரிந்த எந்தத் தெருவிலும் சோணைமுத்து அப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை. கலப்படமில்லாத ஏக்கம். பட்டையின் ஓரத்தில் பொருளின் பெயர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது: சூறை-பத்து. எண் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒன்று ஏறியது.

“சொல்லுடா,” என்றாள் அழகுமீனா பின்னாலிருந்து. “அந்த அக்காவுக்குப் பதில் சொல்லு.”